கோபுரம் கிழக்கே, ஓட்டுக்கூரை மேற்கே: குமரி மாவட்டப் பழங்கோயில்களைப் பார்க்கும் முறை

குமரி மாவட்டத்துக்குக் கோயில் பார்க்க வருகிறவர்களில் பலரும் சுசீந்திரம், கன்னியாகுமரி பகவதி அம்மன், நேரம் மிஞ்சினால் நாகராஜா கோயில் என்று மூன்றோடு திரும்பிவிடுகிறார்கள். மூன்றும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் மூன்றுமே மாவட்டத்தின் கிழக்குப் பாதியில் இருக்கின்றன. தக்கலையைத் தாண்டி மேற்கே போகாதவர், இந்த மண்ணில் கோயில் எப்படிக் கட்டினார்கள் என்பதில் பாதியைத் தவறவிடுகிறார்.

கிழக்குக்கும் மேற்குக்கும் உள்ள வேறுபாடெல்லாம் மழை செய்த வேலை. இங்கே தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆனால் இரண்டும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் பெய்வதில்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரமான நாஞ்சில் நாடு, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றடிக்கும் பூமி; மழை குறைவு. கல்குளம், விளவங்கோடு பக்கம் போகப் போக மலையடிவார மழை கூடிவிடும். மழை குறைந்த இடத்தில் தட்டையான கல் கூரை தாங்கும், திறந்த பிராகாரம் தாங்கும், சுதைச் சிற்பம் நிறைந்த கோபுரமும் தாங்கும். மழை கொட்டுகிற இடத்தில் செங்குத்தாகச் சரிந்த ஓட்டுக்கூரை வேண்டும், சுவரை நனையவிடாமல் வெளியே நீண்ட தாழ்வாரம் வேண்டும், ஸ்ரீகோயில் எனும் கருவறையைச் சுற்றி நாலம்பலம் என்ற நாற்புற மண்டபம் வேண்டும். அதனால்தான் சுசீந்திரத்தில் ஏழு நிலைக் கோபுரம் நிற்கிறது. திருவட்டாறு போன்ற பெரிய கோயிலில் அப்படி ஒரு கோபுரம் கிடையாது.

ஆட்சியும் இந்த மண்ணில் மாறிமாறி வந்தது: ஆய் மன்னர், பாண்டியர், சோழர், வேணாட்டரசர், திருவிதாங்கூர் மன்னர். 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சேர்ந்த பிறகும் பூஜை முறை மாறவில்லை. தந்திரிதான் பெரிய சடங்குகளை நடத்துவார், நாள்பூஜை செய்பவரைப் போற்றி என்போம், பிரசாதமாக இலைத்துண்டில் சந்தனம் வரும், ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். கட்டடம் கிழக்கே பாண்டி நாட்டுச் சாயலில் இருந்தாலும் பூஜை மலைநாட்டு (கேரள) முறையில் நடக்கும். இந்தக் கலப்பை ஒரே இடத்தில் நன்றாகப் பார்க்க சுசீந்திரம்தான் வசதி.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் மூலவர் ஒரே லிங்கத்தில் மும்மூர்த்தியும். சன்னதிகள் இரண்டு பிரதானம். தாணுமாலயன் இருப்பதை வடக்கேடம் என்றும், விஷ்ணு இருப்பதைத் தெக்கேடம் என்றும் ஊரில் சொல்வார்கள். 134 அடிக் கோபுரத்தை நேர் கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெப்பக்குளக் கரையில் நின்று பாருங்கள். அடிப்பகுதி 16ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கல் வேலை. மேலே உள்ள செங்கல்-சுண்ணாம்பு நிலைகள் 1888இல்தான் நிறைவடைந்தன. கல் முடிந்து சுதை தொடங்கும் கோட்டில் பார்வையை நிறுத்தினால், சுமார் முந்நூற்றைம்பது வருட இடைவெளி ஒரே சுவரில் தெரியும். இந்த மாதிரிக் கோபுரங்களுக்கு முதல் எதிரி அரசங்கன்று. பறவை எச்சத்தில் வரும் விதை சுதை இடுக்கில் முளைக்கும்; வேர் சுண்ணாம்புச் சாந்தைப் பிளக்கும்; பிளவில் மழைநீர் இறங்கும். செடியை வெளியே வெட்டிவிட்டால் போதாது, வேரையும் சாகடித்து இடுக்கைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே அடைக்க வேண்டும். சிமென்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல், பக்கத்துச் சுதையும் சேர்ந்து உதிரும்.

அலங்கார மண்டபத்து இசைத்தூண்களை எல்லோரும் பார்க்கிறார்கள், சத்தம் ஏன் வருகிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நான்கு பெரிய தூண் தொகுதிகள்; ஒவ்வொன்றும் ஒரே கல். வடக்கே உள்ள இரண்டிலும் 24 சிறு தூண்கள், தெற்கே உள்ள இரண்டிலும் 33. ஒவ்வொரு சிறு தூணும் மேலும் கீழும் தாய்க்கல்லோடு ஒட்டியிருக்கிறது, நடுவில் தனித்து நிற்கிறது. தட்டும்போது நடுப்பகுதி அதிர்கிறது. தடிமன் மாறினால் அதிர்வு மாறும், சுருதியும் மாறும். கல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்துவிட்டால் அந்தத் தூண் ஊமையாகிவிடும், அதை ஒட்டிச் சரிசெய்யவும் முடியாது. அதனால் நாணயத்தாலோ சாவியாலோ தட்டிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அதே சுற்றில் ஒரே கல்லில் செதுக்கிய உயரமான அனுமார், சுதையில் செய்த பெரிய நந்தி, பெண்ணுருவ விநாயகர் சிற்பம், கொன்றை மரத்தடிச் சன்னதியான கொன்றையடி என்று நாலைந்து நிறுத்தங்கள் உண்டு. கூட்டம் அனுமாரிடம் நிற்கும். கைலாசநாதர் சன்னதி இருக்கும் பாறைப் பக்கம் போனால் அமைதியாகக் கல்வெட்டுகளைப் பார்க்கலாம்.

இந்தக் கோயிலின் வரலாறு சிற்பத்தோடு முடியாது. குற்றம் சாட்டப்பட்டவர் கொதிக்கும் நெய்யில் கையை விட்டுத் தன்னை நிரூபிக்க வேண்டிய கைமுக்கு என்ற வழக்கம் இங்கேதான் நடந்தது. சுவாதித் திருநாள் காலத்தில் அது நிறுத்தப்பட்டது. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த பிறகுதான் இந்த மாவட்டத்துக் கோயில்களின் வாசல் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. தேரோடும் வீதியில் நடக்கும்போது, அந்த வீதியே ஒரு போராட்டக் களம் என்பது நினைவில் இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் சிலையழகை மட்டும் சொல்லும் வழிகாட்டிகள் பாதிக் கதைதான் சொல்கிறார்கள்.

நாகர்கோவிலுக்குப் பெயர் தந்த நாகராஜா கோயிலில் கருவறைக்கு ஓலைக்கூரைதான். ஆண்டுதோறும் ஆடி மாதம் பழைய ஓலையைப் பிரித்துப் புதிதாக வேய்கிறார்கள். கருவறையில் நீர் ஊறும் மணல். அந்த ஈரமண்ணைத்தான் பிரசாதமாகத் தருகிறார்கள். தட்சிணாயன ஆறு மாதம் கருப்பாகவும் உத்தராயண ஆறு மாதம் வெண்மையாகவும் மண் மாறும் என்பது பக்தர்கள் நம்பிக்கை. வயல்வெளிப் பள்ளத்தில் கட்டிய கோயில் என்பதால் நிலத்தடி ஈரம் மேலே வருவதில் வியப்பில்லை. இங்கே கல் தளம் போட்டு மூடாமல் விட்ட பெரியவர்களின் நிதானம்தான் போற்றத்தக்கது. தெற்கு வாசலின் மகாமேரு மாளிகை வேறு எந்தக் கோயில் வாசலையும் போலிருக்காது. உள்ளே மண்டபத் தூண்களை நிதானமாகப் பாருங்கள்: பாம்புப் படம் விரித்த பார்சுவநாதர், அமர்ந்த மகாவீரர், பத்மாவதி. இது முன்பு சமணத் தலமாக இருந்ததற்கு இந்தத் தூண்களே சாட்சி. 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்ற சமணர் பெயர்கள் வருகின்றன. ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தத் தூண்களைப் பார்க்கவே முடியாது, அவ்வளவு கூட்டம். வேறு மாதத்தில், வேலைநாளில், காலையில் வாருங்கள். நாகர்கோவிலில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் ஒழுகினசேரி சோழராஜா கோயிலுக்குப் போகலாம். இராஜேந்திர சோழன் காலத்துக் கட்டுமானம். தஞ்சைப் பக்கத்து விமான முறையை இந்த மாவட்டத்தில் இவ்வளவு சுத்தமாகக் காட்டும் கோயில் வேறில்லை.

இனி மேற்கே. மேற்கில் ஒரே ஒரு கோயிலுக்குத்தான் நேரமிருக்கிறது என்றால், அது திருவட்டாறாக இருக்கட்டும்.

ஆதிகேசவப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. நம்மாழ்வார் வாட்டாற்றான் என்று பாடியது இவரைத்தான். கோதையாறும் பறளியாறும் சேரும் மூவாற்றுமுகத்துக்குப் பக்கத்தில், ஆறு வளைந்தோடும் மேட்டில் கோயில். படியேறி உள்ளே போனதும் வெளிப்பிராகாரம்; 224 தூண்கள், தூணுக்கு ஒரு தீபலட்சுமி. தூரத்திலிருந்து எல்லாம் ஒன்றுபோல் தெரியும். பக்கத்தில் போய்க் கொண்டையை மட்டும் பாருங்கள்: ஒன்றுக்கு வலப்பக்கம் சரிந்திருக்கும், அடுத்ததற்கு உச்சியில் முடிந்திருக்கும், ஆடை மடிப்பும் விளக்கேந்திய விரலும் மாறும். பத்துத் தூணைப் பொறுமையாகப் பார்த்தால் போதும், மீதியைத் தானாகவே பார்ப்பீர்கள். மூலவருக்கு எதிரில் ஒற்றைக்கல் மண்டபம். தளம் முழுவதும் ஒரே பாறைப் பலகை, சதுரத்தின் ஒரு பக்கம் சுமார் 18 அடி.

மூலவர் 22 அடி நீளத்தில் மேற்கு நோக்கிச் சயனித்திருக்கிறார்; தலை தெற்கே, திருவடி வடக்கே. ஒரே பார்வையில் அடங்காததால் மூன்று வாசல் வழியே முகம், நடுவுடல், திருவடி எனப் பகுதி பகுதியாகத் தரிசிக்க வேண்டும். வரிசையில் தள்ளப்படும்போது நடுவாசலில் மட்டும் நின்றுவிட்டு நகர்கிறவர்கள் உண்டு. மூன்றுக்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசியிலும் பங்குனியிலும் சில நாள் மாலைச் சூரியன் மூலவர் மேல் விழும். பகலும் இரவும் சமமாகும் நாட்கள் செப்டம்பர் 22-23, மார்ச் 20-21 வாக்கில் வரும். அப்போது சூரியன் சரியாக மேற்கே மறையும். சன்னதி சரியாக மேற்கு பார்த்திருப்பதால் கதிர் தடையின்றி நேராக உள்ளே வருகிறது. மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. பங்குனியில்தான் வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தத் திருமேனி கல்லில் செதுக்கியது கிடையாது. 16,008 சாளக்கிராமங்களை உள்ளே வைத்து, கடுசர்க்கரை யோகத்தில் செய்தது என்பது கோயில் மரபு. கடுசர்க்கரை வேலை ஓர் உடலைக் கட்டுவது போல நடக்கும். முதலில் எலும்பின் இடத்தில் மரச்சட்டம். அதன்மேல் நரம்பின் இடத்தில் தேங்காய் நார்க்கயிறு சுற்றுவார்கள். பிறகு கசாயத்தில் பலநாள் ஊறவைத்துப் பிசைந்த மண். அதோடு ஆற்று மணல், சங்கு, பொடிக்கல், மரப்பிசின், குங்குலியம், வெல்லம், எண்ணெய். படலம் படலமாகப் பூச வேண்டும். முந்தின படலம் நன்றாகக் காயாமல் அடுத்ததைப் பூசினால் உள்ளே ஈரம் சிக்கி, பின்னால் வெடிப்பு விடும். கடைசியில் துணி ஒட்டி, மேலே நுண்சாந்து, வண்ணம்.

இப்படிச் செய்த திருமேனிக்கு நீர் ஆகாது. அதனால் மூலவருக்கு அபிஷேகமே கிடையாது. தனி அர்ச்சனை பிம்பத்துக்குத்தான் அபிஷேகம். கூரை ஒழுகினால் கற்சிலைக்குப் பெரிய சேதமில்லை, இங்கே அது பேரிழப்பு. கருவறைக்குள் கற்பூரப் புகையும் எண்ணெய்ப்புகையும் படலமாகப் படியும். துடைத்தால் வண்ணமும் சேர்ந்து வரும். எனவே விளக்கின் எண்ணிக்கையைக் குறைப்பதும், சுத்தமான எண்ணெயை எரிப்பதும், கூரையை ஒவ்வொரு மழைக்கு முன்பும் பார்ப்பதும்தான் பராமரிப்பு. 1604க்குப் பிறகு 418 ஆண்டுகள் கழித்து 2022 ஜூலை 6இல்தான் இங்கே கும்பாபிஷேகம் நடந்தது. இதே கடுசர்க்கரை மூலவரை இன்னும் கிட்டத்தில், கூட்டமில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் நாகர்கோவிலுக்குப் பக்கத்துத் திருப்பதிசாரம் போதும். திருவாழ்மார்பன் அமர்ந்த கோலம். நம்மாழ்வாரின் தாய் உடையநங்கை பிறந்த ஊர் என்பதால் வைணவர்கள் தேடி வருவார்கள்.

மேற்குக் கோயில்களின் ஓட்டுக்கூரையில் பிரச்சினை எப்போதும் சின்னதாகத்தான் தொடங்கும். குரங்கோ காற்றோ கூரை ஓடு ஒன்றை நகர்த்திவிடும். அந்த இடைவெளியில் ஒரு மழைக்காலம் முழுக்க நீர் சொட்டி, ஓட்டைத் தாங்கும் சரிவு மரமான கழுக்கோலின் நுனி ஊறும். ஊறிய மரத்தில் கறையான் ஏறும். உத்தரம் வரை போய்விட்டால் செலவு பலமடங்கு. வைகாசியில், இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழைக்கு முன், ஏறி ஓடு மாற்றினால் முடிந்தது வேலை. இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, பிறகு மொத்தக் கூரையையும் கான்கிரீட்டாக மாற்றுவதுதான் பல ஊர்களில் நடக்கிறது. கான்கிரீட் போட்ட பிறகு உள்ளே வெப்பம் ஏறும், ஈரம் வெளியேறாது, மரவேலையும் சுவரோவியமும் இருந்த இடம் தெரியாமல் போகும். கல் கோயில்களில் இதற்கு இணையான கொடுமை மணல்வீச்சு. அழுத்தமாக மணலை அடித்துப் பாசியையும் எண்ணெயையும் எடுக்கும்போது கல்லின் மேல்தோலும் போய்விடும். கல்வெட்டெழுத்து அந்த மேல்தோலில்தான் இருக்கிறது. சுத்தமாகிவிட்டது என்று ஊர் மகிழும். ஆயிரம் வருட ஆவணம் ஒன்று போனது யாருக்கும் தெரியாது. தூரிகையும் தண்ணீரும் பொறுமையும் போதும்.

குடைவரையும் மலைக்கோயிலும் வேறு உலகம். மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கி.மீ. தூரத்திலுள்ள சிதறால், பழைய பெயர் திருச்சாரணத்து மலை. உச்சி வெயிலில் ஏறாதீர்கள், பாறை சூடானால் வெறுங்காலில் நிற்க முடியாது. தண்ணீர் கையோடு இருக்கட்டும். மேலே தொங்கும் பாறைமுகத்தில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக. அவர்களிடையே அம்பிகை என்ற சமணத் தேவியைத் தேடிப் பிடியுங்கள். பக்கத்தில் இரண்டு பிள்ளைகள், சிங்கம், பணிப்பெண். பிள்ளைகளின் உயரத்துக்கும் தேவியின் உயரத்துக்கும் உள்ள விகிதம் ஒரு தாயின் அருகாமையைச் சொல்லிவிடும். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில், அரட்டநேமி படாரரின் மாணவியான குணந்தாங்கிக் குரத்திகள் இங்குள்ள பகவதிக்குப் பொன்னணி கொடுத்த செய்தி இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் துறவியின் பெயர் கல்லில் நிற்பது சாதாரண விஷயமில்லை. பிற்காலத்தில் இது பகவதி கோயிலாக மாறியது, சமணச் சிற்பங்கள் அப்படியே இருக்கின்றன.

திருநந்திக்கரைக் குடைவரை திருவட்டாற்றிலிருந்து கிட்டத்தில். வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உண்டு. முதலாம் இராஜராஜன் பிறந்த ஐப்பசிச் சதயத்தைக் கொண்டாட ஏற்பாடு செய்த கல்வெட்டும் இங்கேதான். சுவரில் ஓவியத் துணுக்குகள் மிஞ்சியிருக்கின்றன. கைவிளக்கின் ஒளியை நேராக அடிக்காமல் சுவரோடு சாய்த்துப் பிடித்தால்தான் கோடுகள் தெரியும். தொடவே கூடாது, விரலின் வியர்வையே சுண்ணப் பூச்சைக் கிளப்பிவிடும். கல்வெட்டுப் பலகைகளில் மலைநாட்டு ஆண்டுக்கணக்கான கொல்லம் ஆண்டு போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் வரையுள்ள தேதிக்கு 824ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். முஞ்சிறைக்குப் பக்கத்துப் பார்த்திவபுரம் விஷ்ணு கோயிலுக்கு இந்தக் கணக்குக்கூட வேண்டாம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் அதை நிறுவி, 95 மாணவர் தங்கிப் படிக்கும் சாலையும் வைத்ததைச் செப்பேடு நாள் குறித்தே சொல்கிறது.

மற்ற சமயத்தாரின் பழந்தலங்களைத் தனி அட்டவணையாகப் பார்க்கத் தேவையில்லை, வழியிலேயே வருகின்றன. திருவிதாங்கோட்டில் மகாதேவர் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் தோமையார் அரப்பள்ளி என்ற தேவாலயம். கி.பி. 63இல் தோமையார் நிறுவியது என்பது மரபு. கட்டடத்தைக் கண்ணால் பார்த்தால் கோயில் மண்டபம் கட்டிய அதே கல்தச்சர் கை தெரியும். கோட்டாறு சவேரியார் பேராலயத்தில், 1752 ஜனவரி 14இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தின் கல்லறை இருக்கிறது. டிசம்பர் 3ஐ ஒட்டிய திருவிழா நாட்களில் நாகர்கோவிலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. தக்கலையில் ஞானப்பாடல்கள் பாடிய பீர் முகமது அப்பா தர்கா. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் பதி. அங்கே சிலை இல்லை, நிலைக்கண்ணாடிக்கு முன்தான் வழிபாடு. ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டிக்கொண்டு போக வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களின் மேல்துண்டுக்கே ஒருகாலத்தில் தடை இருந்த மண்ணில் அந்தத் தலைப்பாகைக்கு என்ன கனம் என்று சொல்லத் தேவையில்லை.

நேரம் தவறுவதுதான் வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் நடக்கும் பிசகு. நடை விடியற்காலையில் திறக்கும். பெரிய கோயில்கள் மதியத்தை ஒட்டிச் சாத்தும். கிராமத்துச் சிவாலயங்களில் 10 மணிக்கே சாத்திவிடுவார்கள். மாலை 5 மணிவாக்கில் திறந்து 8 மணிக்குள் முடிந்துவிடும். அதனால் கிழக்கும் மேற்கும் ஒரே நாளில் சேராது. ஒரு நாள் விடிகாலை சுசீந்திரத்தில் தொடங்கி, நாகராஜா, ஒழுகினசேரி, மாலையில் திருப்பதிசாரம். இன்னொரு நாள் காலை நடை திறந்ததும் திருவட்டாறு, நடை சாத்திய பிறகு பூஜை நேரம் பற்றிக் கவலையில்லாத பத்மநாபபுரம் அரண்மனை. சிதறாலுக்கு வெயில் தணிந்த பிறகு. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆண்களுக்கு வேட்டியும் தோளில் ஒரு துண்டும், பெண்களுக்குச் சேலையோ சுடிதாரோ இருந்தால் எந்த வாசலிலும் நிற்க வேண்டிவராது. கருவறைப் பக்கம் போனை வெளியே எடுக்காதீர்கள்.

பன்னிரு சிவாலயங்களை எப்போது பார்ப்பது என்று கேட்பவர்களுக்குப் பதில் இரண்டு. கட்டடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மகாசிவராத்திரிக்குப் பக்கத்திலேயே வராதீர்கள். சிவராத்திரியை ஒட்டிப் பக்தர்கள் பன்னிரண்டு கோயில்களுக்கும் ஓடியே போகும் சிவாலய ஓட்டத்தையே பார்க்க வேண்டுமென்றால் அதற்கு முந்தின நாளே முஞ்சிறைத் திருமலையில் இருங்கள். அங்கிருந்து திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியாகத் திருநட்டாலம். நூறு கிலோமீட்டர் வாக்கில் வரும். காவி உடுத்து, கையில் ஓலைவிசிறி, விசிறி நுனியில் திருநீற்றுக்கும் காசுக்கும் இரண்டு துணிப்பைகள். சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் வழியெல்லாம் "கோபாலா, கோவிந்தா" என்று கூவிக்கொண்டே ஓடுவார்கள். முடிகிற திருநட்டாலத்தில் இருப்பதோ சங்கரநாராயணர். ஒவ்வொரு குளத்திலும் முழுகி ஈரத்துணியோடுதான் அடுத்த கோயிலுக்குப் போக வேண்டும் என்பதால், தொடை உராய்ந்து புண்ணாவதுதான் முதல்முறை ஓடுபவர்களை நிறுத்திவிடும். பழகியவர்கள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள், மெல்லிய பருத்தித் துணிதான் கட்டுவார்கள், முதல் மூன்று கோயில் வரை வேகத்தை அடக்குவார்கள். தார்ச்சாலை பகலில் கொதிக்கும்; பொன்மனையைத் தாண்டும் நேரம் இருட்டிய பிறகாக இருக்கும்படி கணக்குப் போட்டுக் கிளம்புவது நல்லது. வழிநெடுக ஊர்க்காரர்கள் சுக்குநீரும் பானகமும் கஞ்சியும் வைத்திருப்பார்கள், காசு வாங்க மாட்டார்கள்.